இதைப் போட்டுடாதீங்க

இந்த அறையின் நாற்காலி நன்றாக இருக்கிறது. பத்தொன்பது வருடம் இதே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்று மூன்றாம் மாடியில் இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. விசாரணை என்று ஒன்று வந்ததால்தான் உட்காரக் கிடைத்தது.

மேடம், நீங்கள் மேசையில் ரெக்கார்டரை வைத்து, "நீங்க பாட்டுக்குப் பேசுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். வேண்டாம், எழுதியே தருகிறேன் என்றேன். உங்கள் முகம் கொஞ்சம் மாறியது. தவறாக நினைக்காதீர்கள். வாயால் சொன்னதை வைத்து அடுத்தவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அதைச் செய்துகொண்டிருந்தவன் நான்தான்.

என் மேல் உள்ள குற்றச்சாட்டு ஒரே வரி: அலுவலகக் கோப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்றது. ஒப்புக்கொள்கிறேன். துணிப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்து எடுத்துச் சென்றேன். இத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் புகார் கொடுத்திருப்பது என் மனைவி. அவளுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். வீட்டில் நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் நம்புகிறேன் என்று உங்களிடம் சொன்னாளாம். பத்திரிகைக்காரன் மனைவிக்கு எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை இருப்பது ஆச்சரியம்தான்.

நான் அஞ்சலிப் பக்கம் பார்ப்பவன். ஒரு பிரமுகர் மாலையில் கண்ணை மூடினால் மறுநாள் காலையில் அரைப் பக்க வாழ்க்கை, நாலு படங்கள், பன்னிரண்டு பேருடைய இரங்கல் எல்லாம் எப்படி வருகிறது என்று வாசகர்கள் யோசிப்பதில்லை. எல்லாம் முன்னாலேயே தயார். என் மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காத்திருப்போர் அறை. எழுபது தாண்டிய பிரமுகர்கள் கீழ்த்தட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் நடுத்தட்டு. டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினால் மேல்தட்டு. சிலர் மேல்தட்டு வரை வந்துவிட்டுக் குணமாகிக் கீழே இறங்கிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, கோப்பை இறக்கி வைக்கும் வேலை ஒன்றுதான் கூடுதல். ஒரு பாட்டு வாத்தியார் தொண்ணூற்று நாலு வயது வரை இருந்து, தனக்கு இரங்கல் தெரிவித்த மூன்று பேரைத் தானே வழியனுப்பி வைத்தார்.

ஆமாம், இரங்கலும் முன்கூட்டியே வாங்கிவிடுவோம். போன் போட்டு, "ஒருவேளை அப்படி இப்படி ஏதாவது ஆச்சுன்னா, உங்க வார்த்தை ரெண்டு வரி இருந்தா நல்லாயிருக்கும்" என்பேன். "ஐயய்யோ, மொதல்ல வாயைக் கழுவுங்க, மனுஷன் நல்லாத்தானே இருக்காரு" என்று ஒரு நிமிடம் பதறுவார்கள். இரண்டாவது நிமிடத்தில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' வந்துவிடும். மூன்றாவது நிமிடத்தில் கூடப் படித்தது, தோளில் கை போட்டது எல்லாம் வரும். நாலாவது நிமிடத்தில் குரல் இறங்கும். "இதைப் போட்டுடாதீங்க…" என்று ஆரம்பிப்பார்கள்.

அந்த நாலாவது நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தேன். முதல் மூன்று நிமிடத்தை வெள்ளைத் தாளில் எழுதுவேன், அது பத்திரிகைக்கு. நாலாவதை விளம்பரப் பிரிவில் மிஞ்சிய ரோஸ் நிறத் தாளில் எழுதி அதே கோப்பில் பின்னால் செருகுவேன், அது எனக்கு. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பொதுவில் பேசும்போது எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். தனியில்தான் ஆளுக்கு ஒரு குரல் இருக்கிறது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். 'இதைப் போட்டுடாதீங்க' என்று ஒருவர் சொல்லும்போது, அதுவரை சொன்னதெல்லாம் சும்மா என்று அவரே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

ஆனால் ஒரு ரோஸ் தாளைக்கூட நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஒருவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைத்ததும் இல்லை. வெள்ளையோ ரோஸோ, சொன்னது சொன்னபடி இருக்கும். இதைத் தயவுசெய்து அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி டாக்டர். ஊருக்கு டாக்டர், எனக்கு மாமனார். நாற்பது வருடம் ஒரே கிளினிக்கில் உட்கார்ந்து இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். மாமியார் காலமாகிவிட்டார். ஒரே மகள், அவள்தான் என் மனைவி. என்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மாப்பிள்ளை பேப்பர்ல இருக்காரு. நம்ம ஆளுங்க செத்தாப் போடுவாரு" என்று அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு கல்யாண வீட்டில் இருநூறு பேர் நடுவில், "அடுத்தவன் சொல்றத எழுதுறதுக்கு ஒரு ஆளு எதுக்கு மாப்ள? அதான் மெஷின் வந்துடுச்சே" என்று கேட்டார். பதினாலு வருடம் ஆகிறது. அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. தேதி நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் அவருடைய இதயம் தகராறு செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தார். கூடவே கிளினிக் மேசையில் இருந்த மணியும் வந்தது. உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற மணி. இப்போது அது மகளைக் கூப்பிட்டது. தண்ணீருக்கு ஒரு டிங். ஜன்னலைத் திறக்க ஒரு டிங், திறந்ததை மூட இன்னொன்று. அவள் பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டாள். அவரைக் குளிப்பாட்டினாள், போர்வைகளைத் துவைத்தாள், காலையும் மாலையும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். "பாவங்க அப்பா" என்பாள். அவரைப் பற்றி அவள் அதிகம் சொன்னது அதுதான்.

அவருடைய கோப்பு அப்போது நடுத்தட்டில் இருந்தது. அது அவருக்கும் தெரியும். கேலி செய்வதற்காகவே என் தொழிலை முழுசாகத் தெரிந்து வைத்திருந்தார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, என் பைலு ஒண்ணு இருக்குமே. கொண்டாங்க பாப்போம்."

"அதெல்லாம் காட்டக் கூடாது மாமா."

"செத்தப்புறம் நான் எங்க படிக்கப் போறேன்? கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன், வெள்ளைத் தாள்களை மட்டும். எதிர் கிளினிக் டாக்டர் அவரை 'மருத்துவ உலகின் கலங்கரை விளக்கம்' என்று சொல்லியிருந்தார். மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பரவால்லயே, இவன்கூட உண்மை பேசுறானே" என்றார். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்த கம்பவுண்டர், 'எங்களுக்கெல்லாம் தெய்வம்' என்று சொல்லியிருந்தார். "நன்றியுள்ள பய" என்றார் மாமா. அன்றைக்கு ஒரு தட்டுக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பேனா கேட்டார். 'சிறந்த மருத்துவர்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'தலை' சேர்த்தார். போடவேண்டிய படத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார், தலை நிறைய முடியோடு முப்பது வயதில் எடுத்தது. "அரைப் பக்கம் பத்தாது மாப்ள, முழுப் பக்கமாக் கேட்டுப் பாருங்க" என்றார். மூன்றே வாரத்தில் கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தார். இதய டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. இரங்கல் செய்தியைப் படித்துப் பிழைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த நாட்களில் ஒரு தடவை, "எப்படி மாப்ள எல்லார் வாயிலேர்ந்தும் கறக்குறீங்க?" என்று கேட்டார். கேலியில்லாமல் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மகிழ்ந்துபோய்ச் சொன்னேன்: "ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேக்கணும் மாமா. மொதல்ல வர்றது மரியாதை. கடைசியில வர்றதுதான் மனசு."

அவர் தலையாட்டினார். "நாங்க அப்படிக் கேக்கவே கூடாது. வலிக்குதா வலிக்குதான்னு பத்து தடவ அமுக்கிக் கேட்டா, வலிக்காதவனும் வலிக்குதும்பான். அப்புறம் இல்லாத நோய்க்கு மருந்து எழுதணும்."

உடம்பு தேறத் தேற மணிச் சத்தமும் கூடியது. படுத்திருந்தபோது ஒரு நாளைக்கு இருபது தடவை என்றால், எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு நாற்பது. கோப்பைக் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இறக்குவதற்கு முன்னால் ரோஸ் தாள்களையும் காட்டிவிடலாம் என்று எனக்குப் பட்டது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஒரு மனிதரை ஏமாற்றுவது தொழில் தர்மம் இல்லை. வேறு காரணம் எதுவும் என் மனதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் எதிர் கிளினிக் டாக்டருடையதைக் கொடுத்தேன். "இதைப் போட்டுடாதீங்க. அந்தாளுகிட்ட இருந்தது ஒரே ஊசிதாங்க. எடது கையில போட்டாக் காய்ச்சலுக்கு, வலது கையில போட்டா வயித்துவலிக்கு." மாமா படித்தார். முகம் சிவந்தது. நான் பக்கத்தில் தண்ணீரோடு தயாராக நின்றேன். அவர் தண்ணீர் கேட்கவில்லை, செருப்பைக் கேட்டார். விடுவிடுவென்று தெருமுனை வரை நடந்து, ஆட்டோ பிடித்து, எதிர் கிளினிக்கில் போய் நோயாளிகள் எதிரில், "நாப்பது வருஷமா என் ஊசிய எண்ணிக்கிட்டா இருந்தே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த டாக்டர் திகைத்துப்போய், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அவரை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார். போன மாதத்தைவிட நன்றாக இருந்ததாம்.

அடுத்தது கம்பவுண்டருடையது. "இதைப் போட்டுடாதீங்க சார். முப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்தேன். என் பேரு என்னன்னு அவருக்குத் தெரியாது. கம்பவுண்டர்னுதான் கூப்பிடுவாரு." இதைப் படித்துவிட்டு மாமா தாளைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, "உன் பேரு என்னய்யா?" என்று கேட்டார். பேர் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் அவர் அழுதார், இந்தப் பக்கம் மாமாவும் அழுதார். அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டார்.

பாராட்டு அவரை உட்காரவைத்தது, வசவு நடக்கவைத்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்படி எழுதினால் நீங்கள் வேறு மாதிரி புரிந்துகொள்வீர்கள். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்றாவது ரோஸ் தாளில் ஒரே வரிதான் இருந்தது. "அப்பா போயிட்டா எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும்." கீழே வழக்கம்போல யார், எங்கே, எப்போது: மகள், கொல்லைப்புறம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சொல்லி முடித்ததும் அவள், "இத அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். உண்மைதான். நான் சொல்லவில்லை, தாளைக் கையில் கொடுத்தேன்.

மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். ஒரு வரியை அத்தனை நேரம் படித்த வாசகரை நான் பார்த்ததில்லை. பிறகு என்னிடம் சின்னதாக ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். "அப்ப சரி" என்றார். தாளை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார். என்ன கேட்டார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் எழுது என்பது எங்கள் பாடம். இது பத்திரிகை இல்லை என்பதால் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு வீட்டில் மணிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் குடித்தார். சட்டையைத் தானே மாற்றிக்கொண்டார். மகள் மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அப்பா கூப்பிடவே மாட்டேங்குறாரு. நல்லாத் தேறிட்டாரு" என்றாள். மத்தியானங்களில் கட்டிலில் படுத்து அயர்ந்து தூங்கினாள். நாலு மாதத்தில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தப் பதினோரு நாள் தூக்கத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். புகாரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கோப்பு மேல்தட்டுக்குப் போகவே இல்லை, நடுத்தட்டிலிருந்து நேராக அச்சுக்குப் போனது. முழுப் பக்கம் கேட்டேன், கொடுத்தார்கள். அவர் திருத்திய 'தலை' எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். முப்பது வயதுப் படம் நன்றாக வந்திருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மறு வாரம் என் மனைவி அவருடைய தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினாள். உள்ளே ரோஸ் தாள் இருந்தது. அதற்குள் மடித்து வைத்த மாத்திரைகள் இருந்தன, இருபத்திரண்டு. அவள் கணக்கு டீச்சர். பதினோரு நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு என்று புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. தாளில் இருந்த வரி தன்னுடையது என்பதும், கையெழுத்து என்னுடையது என்பதும் தெரிந்தது.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இத எங்கிட்ட எத்தன தடவ கேட்டு வாங்குனீங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். "படிச்சிட்டு என்ன சொன்னாரு? அதையாவது சொல்லுங்க" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "எங்கப்பா வாயில்லாத மனுஷன் இல்ல. ஏதாவது கேட்டிருப்பாரு" என்றாள். அன்று மாலையே அவள் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அந்தத் தாளோடு உங்கள் அறைக்கு வந்தாள். அவள் கேட்பது இவ்வளவுதான்: அப்பா என்ன நினைத்துக்கொண்டு போனார்? அது தெரியாமல் அவளால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எத்தனை தடவை என்று அவள் கேட்டது சரியான கேள்வி. "அவர் போயிட்டா உனக்கு நிம்மதியா இருக்குமா?" என்று நான் அவளை ஒன்பது தடவை கேட்டேன், பத்து நாட்களில். முதல் தடவை என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டாவது தடவை, "உங்களுக்கு இருக்கா இல்லையா மனசாட்சி?" என்றாள். அது கேள்வி, பதிலில் சேராது. பிறகு நாலைந்து தடவை வெறும் 'இல்ல'. எட்டாவது தடவை ஒன்றும் பேசவில்லை. மௌனத்தை மேற்கோள் குறிக்குள் போட முடியாது. ஒன்பதாவது தடவை அவள் மூன்றாவது போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள் முன்னறை மணி நாலு தடவை அடித்துவிட்டது. "ஆமா. அப்பா போயிட்டா எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும். போதுமா?" என்றாள். 'ஆமா'வையும் 'போதுமா'வையும் எடுத்துவிட்டேன். இடப்பற்றாக்குறை இருந்தால் முன்னும் பின்னும் குறைப்பது வழக்கம். ஒரு முழுத் தாளில் ஒரு வரிக்கு என்ன இடப்பற்றாக்குறை என்று நீங்கள் கேட்கலாம். பழக்கம்தான்.

மாமா கேட்டதும் அதையேதான். தாளை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "எத்தன தடவ கேட்டீங்க மாப்ள?" என்றார். அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது என்று நான் சொல்லியிருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மணியைத் தட்டி மகளைக் கூப்பிட்டிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒரே தடவதான் மாமா. கேட்ட ஒடனே சொல்லிட்டா" என்றேன்.

இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அச்சில் வந்ததில்லை, ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு பேருக்கு நடுவில் சொன்னது. அதனால் என் தொழிலில் களங்கம் எதுவும் இல்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். கோப்பை எடுத்துச் சென்றதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று என் மனைவிக்குப் போகும் என்றீர்கள். தாராளமாக அனுப்புங்கள். மாமா கேட்டது, நான் பதில் சொன்னது, அந்த இரண்டு வரிகள் மட்டும் உங்களோடு இருக்கட்டும் மேடம். அதைப் போட்டுடாதீங்க.